நாலு விரல் ஓரம்

என் கணவர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, வளைவில் லொறியைத் திருப்புகிறவர் மாதிரி அதைத் திருப்பிக்கொண்டிருந்தார். முதலில் வலப்பக்கம் திருப்பினார். பிறகு தலைகீழாகப் பிடித்தார். கடைசியில் தாளை அசையாமல் வைத்து, தன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"என்ன கிடக்கு இதில?"

"உங்கட மச்சான்ட எழுத்து," என்றேன்.

"எழுத்துண்டு எனக்கும் விளங்குது. என்ன எழுதிக் கிடக்குண்டுதான் கேக்கிறன்."

நானும் எட்டிப் பார்த்தேன். காக்காவின், அதாவது என் அண்ணனின், கருத்து இடது ஓரத்தில், கீழேயிருந்து மேலே ஏறிப் போனது. மேலே இடம் முடிந்ததும் தலைப்புக்கு மேல் படுத்துக்கொண்டு குறுக்கே சென்றது. வலது ஓரத்தில் சறுக்கி இறங்கி, ஒரு அம்புக்குறியாகி, தாளின் மறுபக்கத்துக்குப் பாய்ந்தது. மறுபக்கத்திலும் அச்சு இருந்தது. அங்கே அது வரிகளுக்கு நடுவே புகுந்து காணாமல் போனது.

எங்கள் வட்டாரப் பள்ளிவாசலுக்குப் புதிதாக எழுதிய யாப்பின் வரைபுதான் அந்தத் தாள்கள். பள்ளிவாசல் எப்படி நடக்க வேண்டும், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற விதிகள் எல்லாம் அதில் இருந்தன. அறுபது பக்கத்துக்கு மேல் வரும். அதைத் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொடுத்தது நான்.

காக்காவுக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் என் கணவரும் காக்காவும் கதைப்பதில்லை. கதைக்காமல் எத்தனையோ நோன்புப் பெருநாள் போய்விட்டது.

"நீ கேட்டுச் சொல்லு புள்ள," என்றார் கணவர்.

கேட்டேன். காக்கா மறுமுனையில் கடையில் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எழுதினத வாசிக்கச் சொல்லு. பெரிய தமிழ் மாஸ்டர்தானே!"

இரண்டு பேரையும் சேர்த்தவர்

அவர்கள் இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டவர் ஆதம்பாவா ஹாஜியார். பள்ளிவாசலின் தலைவர். நல்ல மனிதர், வெள்ளை உள்ளம். கொடுத்ததைக் கொடுத்தபடி, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அந்தக் குணம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் அவரிடமே கேட்டேன்.

"உங்கட ஜப்பார் மாஸ்டருக்குத் தமிழ் தெரியும். உங்கட காக்கா இஸ்மாயிலுக்கு ஊர்ப் பழக்கம் தெரியும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரும் கதைக்கமாட்டாங்கதானே மகள், கூட்டம் கெதியா முடியும்," என்றார்.

குழுவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எல்லாப் பக்கத்திலும் "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டதோடு அவர்கள் வேலை முடிந்தது.

வட்ஸ்அப்பில் அனுப்பினால் எல்லோரும் பார்க்கலாமே என்று சொன்னேன். ஹாஜியார் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதாம். ஆகவே ஒரே ஒரு பிரதி. பள்ளிவாசல் காரியாலய அலுமாரியில் இருக்கும். ஒவ்வொருவராக வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, கருத்தை ஓரத்தில் எழுதித் திரும்ப வைக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கலாம் என்பதால் ஒளிவு மறைவு இருக்காது என்பது ஹாஜியாரின் கணக்கு.

முதல் பிரதியை நான் நெருக்கி அடித்திருந்தேன். தாள் கிடைக்காத காலத்தில் பழகிய கை. சுற்றிவர ஒரு விரல் அகலம் ஓரம், தாளின் இரண்டு பக்கமும் அச்சு. அது ஒரு சுற்றுப் போய் வந்த கோலத்தைத்தான் மேலே சொன்னேன்.

பச்சை மையும் கேள்விக்குறியும்

நான் அரச காரியாலயம் ஒன்றில் தட்டச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே வருடம் முழுக்க நீண்ட நீண்ட அறிக்கைகள். வாய்க்கால் திருத்த அறிக்கை, வெள்ள நிவாரண அறிக்கை, அந்த அறிக்கை ஏன் பிந்தியது என்பதற்கு ஒரு அறிக்கை.

அங்கே ஒரு மேலதிகாரி இருந்தார். பச்சை மையால்தான் எழுதுவார். ஓரம் குறைவாக இருந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். சொல்ல வந்ததைச் சொல்ல இடம் இல்லாமல், ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்தக் கேள்விக்குறியை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் யோசிப்போம். கணக்குப் பிழையா? வசனம் பிழையா? இல்லை, ஆளைப் பிடிக்கவில்லையா? ஒருமுறை பின்னேரம் வரை மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் உள்ளே போய்க் கேட்டேன். அது கேள்விக்குறியே இல்லையாம். பேனை எழுதுகிறதா என்று பார்த்தாராம்.

அடுத்த அறிக்கைக்கு வலப்பக்கம் தாராளமாக இடம் விட்டுக் கொடுத்தேன். மனிதர் முழு வசனம் எழுதினார். இரண்டு இடத்தில் "நன்று" என்றும் எழுதியிருந்தார். மனிதருக்கு எழுத இடம் கொடுத்தால் கோபம் இறங்கும் என்று அன்று எனக்குத் தோன்றியது. காக்காவும் என் கணவரும் அந்த நம்பிக்கையைப் பெரிதாகச் சோதித்துவிட்டார்கள்.

இரண்டு புள்ளிகள்

அவர்கள் ஏன் கதைப்பதில்லை என்று இப்போதாவது சொல்ல வேண்டும். காரணமும் ஒரு ஓரம்தான்.

என் மகளின் கல்யாணக் கார்டு. தாய்மாமன் பெயர் இல்லாமல் எங்கள் பக்கம் கார்டு அடிக்க முடியுமா? அடியில், நடுவாக, "இஸ்மாயில்" என்று போட்டிருந்தது. கார்டைச் சுற்றித் தங்கக் கரை வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். கரை பெரிதானதால் எழுத்தெல்லாம் விளிம்புக்குத் தள்ளுப்பட்டது. அச்சகத்தில் கட்டாக வைத்து வெட்டும்போது, கத்தி கடைசி வரியின் மேலே விழுந்துவிட்டது. எழுத்துக்களின் கீழ்ப்பாதி போய்விட்டது. காக்காவின் பெயரில் முழுசாக மிஞ்சியது "ஸ்"ஸின் புள்ளியும் "ல்"லின் புள்ளியும் மட்டும்தான்.

நாங்கள் கவனிக்கும்போது கார்டுகள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. காக்காவின் கடையில் சாமான் வாங்க வந்த ஒருவர், "என்ன காக்கா, உங்கள வெட்டிட்டாங்க போல?" என்று கேட்டிருக்கிறார்.

காக்கா என் கணவரிடம் வந்து கேட்டார். "அச்சகத்துப் பிழை" என்றார் இவர். "நீங்க பார்க்கலயா?" என்றார் அவர். "நான் செய்யாத பிழைக்கு நான் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்றார் இவர். அதோடு சரி. காக்கா கல்யாணத்துக்கு வந்தார். மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே நான் இருக்கிற வீடு எங்கள் வாப்பா கட்டிய வீடு. காக்கா பிறந்த வீடும் அதுதான். தான் பிறந்த வீட்டுக்கு முன்னால், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிளில் போவதை நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

புதிய பிரதி

கிறுக்கப்பட்ட முதல் பிரதியை ஒதுக்கிவிட்டு, இரண்டாவதை வேறு மாதிரி அமைத்தேன். தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சு. எழுத்துப் பெரிது, வரிகளுக்கு நடுவே ஒரு வரி இடைவெளி. இடது பக்கத்தில் வரி எண்கள், எந்த வரிக்குக் கருத்து என்று குழப்பம் வராமல். வலப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாத வெள்ளை ஓரம்.

கணவர் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, தாளில பாதிய வெறுமனே விட்டுட்டாய்?" என்றார்.

"எழுதுங்க. நிறையும்," என்றேன்.

நிறைந்தது. முதல் சுற்றில் ஒழுங்காகத்தான் இருந்தது. சண்டை ஒன்பதாம் பிரிவில் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர், அந்தக் குடும்பங்களின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார். குடி என்பது தாய் வழியாக வரும் வம்சம். என் குடிதான் காக்காவின் குடி, என் கணவருடையது வேறு. எங்கள் குடிக்கு மரைக்காயர் காக்காவேதான். அந்த முறையே வேண்டாம், எல்லாப் பொறுப்புக்கும் வாக்கெடுப்பு வைக்கலாம் என்பது என் கணவரின் கட்சி.

காக்கா எழுதியிருந்தார்: "மறைக்காயர் முறை மாறவே கூடாது."

என் கணவர் சிவப்புப் பேனையால் கீழே எழுதினார்: "மறைக்காயர் அல்ல, மரைக்காயர். எதையும் மறைக்க வேண்டாம்."

அடுத்த சுற்றில் காக்கா: "மறைத்தது யார் என்று கல்யாணக் கார்டுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். யாப்பு ஒரு பக்கமாகப் போக, ஓரத்தில் வேறொரு கதை இறங்கி ஓடத் தொடங்கியது.

கூட்ட அறிவித்தல் பற்றிய பிரிவில், "அழைப்பு உரிய முறையில் அனுப்பப்படும்" என்ற வரிக்கு நேரே காக்கா: "பெயர் முழுசாக இருக்க வேண்டும். பாதிப் பெயருக்கு முழு ஆள் வர ஏலாது."

கணவர்: "வெட்டியது அச்சகத்துக் கத்தி. என் கை அல்ல."

காக்கா: "கத்தி யாருடையதாக இருந்தாலும் வெட்டுப்பட்டது என் பெயர்."

சுற்றுச் சுற்றாகப் பிரதி போய் வந்தது. கணவர் அதை அலுமாரியிலிருந்து எடுத்து வருகிற நாளில், தேத்தண்ணிக்குக்கூடக் காத்திருக்காமல் மேசையில் உட்காருவார். கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் இருப்பதில்லை. காக்காவின் மனைவி என்னிடம் தொலைபேசியில், "உங்கட காக்கா கடையையும் பார்க்கிறாரில்ல மச்சி, இந்தப் புத்தகத்தையே பார்த்துக்கிட்டு இரிக்காரு," என்றார். நாலு விரலும் போதாமல் போய், இரண்டு பேரும் துண்டுத் தாள் வெட்டிப் பசை பூசி ஒட்டத் தொடங்கினார்கள். தாளைத் தூக்கினால் பட்டத்துக்கு வால் தொங்குவது போல இருக்கும்.

நோன்புக் கஞ்சி விநியோகம் பற்றிய பிரிவில்தான் நான் நின்றுவிட்டேன். கஞ்சிக்கு இறைச்சி கூடப் போட வேண்டும் என்று காக்கா எழுதியிருந்தார். அதன் கீழ் என் கணவர், கஞ்சிக்குச் சம்பந்தமே இல்லாமல் எழுதியிருந்தார்: "கல்யாணத்தன்று உங்களுக்கு எடுத்து வைத்த சாப்பாடு அசர் தொழுகை வரைக்கும் மூடி இருந்தது."

அடுத்த சுற்றில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்கடுத்த சுற்றில் காக்காவின் எழுத்து, சின்னதாக: "ஆடா, மாடா?"

கணவர்: "ஆடு."

இதையும் சேர்த்துத் தட்டச்சு செய்யவா என்று கேட்டேன். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது யாப்பில்லயே," என்றார்.

ஒலிபெருக்கி

எல்லாக் கருத்தும் வந்த பிறகு, ஏற்றுக்கொண்ட திருத்தங்களை மட்டும் சேர்த்துச் சுத்தப் பிரதி ஒன்று தயாரித்தேன். இறுதிப் பிரதி என்பதால் எழுத்தைச் சிறிதாக்கி, ஓரத்தையும் குறைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பொதுக்கூட்டம். ஹாஜியார் வாசிப்பார், ஊர் ஏற்றுக்கொள்ளும். பெண்களும் கேட்கட்டும் என்று வெளி ஒலிபெருக்கியையும் போட்டிருந்தார்கள்.

நான் குசினியில் கீரிமீன் துப்பரவாக்கிக்கொண்டே கேட்டேன். ஹாஜியார் ஸலாம் சொல்லி ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் கொஞ்சம் தடுமாறினார்.

"இது எழுத்துச் சின்னனாக் கிடக்கு. மற்றத எடுங்க."

எனக்குக் கையில் மீன் வழுக்கியது. மற்றது என்றால், பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்ட பிரதி. ஓரம் நிறைந்த பிரதி.

சரி, அச்செழுத்தை மட்டும்தானே வாசிப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எட்டுப் பிரிவும் ஒழுங்காகப் போயிற்று. அப்போது கூட்டத்திலிருந்து யாரோ, "குழுவில ஆர் ஆர் என்ன கருத்துச் சொன்னாங்கண்டும் வாசிங்க ஹாஜியார், ஊருக்கும் தெரியட்டும்," என்றார்.

நியாயமான கேள்வி. ஹாஜியாரும் நியாயமான மனிதர்.

"மறைக்காயர் முறை மாறவே கூடாது," என்று வாசித்தார். "மறைக்காயர் அல்ல, மரைக்காயர். எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தது யார் என்று கல்யாணக் கார்டுக்குத் தெரியும்."

ஹாஜியாருக்கு ஒரு பழக்கம். வாசிக்கும்போது வாசிப்பார், விளங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்வார். வானொலிச் செய்தி போல ஒரே சீராக, கத்தியையும் பாதிப் பெயரையும் வாசித்துக்கொண்டே போனார். கடற்காற்றில் அவர் குரல் தெருத் தெருவாகப் போயிற்று. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"சுபைதா ராத்தா! உங்கட கல்யாண வீடு ஸ்பீக்கர்ல போகுது!"

"கேக்குது புள்ள, கேக்குது," என்றேன்.

கஞ்சிப் பிரிவு வந்தது. "எடுத்து வைத்த சாப்பாடு அசர் தொழுகை வரைக்கும் மூடி இருந்தது," என்றார் ஹாஜியார். ஒரு செருமல். "ஆடா, மாடா?" இன்னொரு செருமல். "ஆடு."

பள்ளிவாசல் முழுக்கச் சிரிப்பு. ஒலிபெருக்கி அதை ஒரு இரைச்சலாகக் கொண்டுவந்தது. அதற்குள் யாரோ ஒருவர் கேட்டது தெளிவாக விழுந்தது.

"அப்ப அந்தச் சாப்பாட்டக் கடைசியில ஆரு திண்ட?"

சிரிப்பு நின்றது. பிறகு என் கணவரின் குரல். வகுப்பறையில் பழகிய குரல், அதற்கு மைக் தேவையில்லை.

"நான்தான் திண்ட. பசியில இல்ல, ஆத்திரத்தில."

நான் மீன் சட்டியை அப்படியே வைத்துவிட்டு யன்னலுக்குப் போனேன், அங்கே நின்றால் கூடக் கேட்கும் என்பது போல. அப்போது காக்காவின் குரல் கேட்டது.

"முழுசையுமா?"

"எலும்ப மட்டும் மிச்சம் வெச்சன்."

முதலில் சிரித்தது காக்காதான். அந்தச் சிரிப்பை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், தொண்டையில் கிடந்து உருளும் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை காலம். என் கையெல்லாம் மீன் வாடை. முகத்தைத் துடைக்கக்கூட வழியில்லாமல் நின்றேன்.

பென்சில்

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஹாஜியார்தான் வாசிக்கத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டாரே. "ஒன்பதாம் பிரிவில ஒண்டு விட்டுப்போச்சு," என்று பழைய பக்கத்துக்குத் திரும்பினார். "அடியில பென்சிலால கிடக்கு."

நான் தலையில் கை வைத்தேன்.

அது நான் எழுதியது. சுத்தப் பிரதி தயாரிக்கும்போது, இரண்டு ஆண்களின் நீலமும் சிவப்பும் முடிகிற இடத்தில் கொஞ்சம் வெள்ளை மிஞ்சியிருந்தது. என் மனதில் நெடுநாளாகக் கிடந்ததை அங்கே எழுதினேன். நான் குழு உறுப்பினர் இல்லை. ஆகவே பென்சிலால் எழுதினேன்.

"குடி தாய் வழியாகத்தானே வருகிறது?" என்று வாசித்தார் ஹாஜியார். "அப்படியானால் மரைக்காயரைத் தெரிவு செய்வதில் தாய்மாருக்கு ஏன் வாக்கு இல்லை?"

இந்த முறை அவருக்கு வாசிக்கும்போதே விளங்கிவிட்டது போலும். "இது... இது ஆருட எழுத்து?" என்றார். உடனே ஒலிபெருக்கி நின்றது. மதிலுக்கு மேல் இப்போது மூன்று தலைகள். மூன்றும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தன.

கொஞ்ச நேரத்தில் கேற் திறக்கும் சத்தம். கணவர் முன்னால், அவருக்குப் பின்னால் காக்கா. வாசல்படியில் காக்கா ஒரு கணம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, விறுவிறென்று உள்ளே வந்தார். கதிரைகளை நாங்கள் இடம் மாற்றிப் போட்டிருந்தோம். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

"வாங்க காக்கா. இரிங்க," என்றேன்.

"இரிக்கிறது கிடக்கட்டும். அந்தப் பென்சில் நீயா?"

"ஓம்."

"நீ குழுவில இல்லயே," என்றார் கணவர். "கருத்து எழுத உனக்கு ஆரு அனுமதி தந்த? நடைமுறை எண்டு ஒண்டு இரிக்கில்ல?"

"ஓம், மச்சான் சொல்றது சரி," என்றார் காக்கா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். நான் குசினிக்குப் போய் மீனைப் பொரித்தேன். வெளியே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு குரல்கள். என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள், மிகவும் ஒற்றுமையாக.

காக்கா அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான் பரிமாறப் பரிமாற, வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

யாப்பு அன்று நிறைவேறவில்லை. அடுத்த நாளிலிருந்து பெண்கள் ஹாஜியாரின் மனைவியைத் தேடிப் போகத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம், கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம். "ஸ்பீக்கர்ல வாசிச்ச அந்தக் கேள்விக்கு மறுமொழி என்ன?" என்பதுதான் எல்லோருக்கும் கதை. ஹாஜியாருக்குத் தன் வீட்டில் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட முடியவில்லையாம். மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் ஒரு வழி கண்டார்கள். மரைக்காயர் முறை இருக்கட்டும் என்றது காக்காவின் வெற்றி. ஆனால் ஒவ்வொரு குடியும் தன் மரைக்காயரை வாக்கெடுத்துத் தெரிவு செய்யட்டும் என்றது என் கணவரின் வெற்றி. அந்த வாக்கு ஆண், பெண் இருவருக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்ந்தது. அதைத் தட்டச்சு செய்தபோது ஒரு எழுத்துக்கூடப் பிழையாக விழவில்லை.

முதல் தெரிவு வந்தது. காக்காவை எதிர்த்து எங்கள் குடியிலேயே ஒரு இளம் பொறியியலாளர் நின்றார். ஒரு பின்னேரம் காக்கா, இஸ்திரி போட்ட சேர்ட்டும் அத்தர் வாசமுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வழமையாக நேரே குசினி வரை வருகிறவர், அன்று விறாந்தையிலேயே நின்றார்.

"தங்கச்சி," என்றார். "உன்ட வாக்கு காக்காவுக்குத்தானே?"

கணவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "நான் வேற குடி மச்சான், என்னால ஒண்டும் செய்ய ஏலா," என்றார். அவர் தோள் குலுங்குவது பத்திரிகையில் தெரிந்தது.

நான் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் கொண்டுவந்து காக்காவின் முன்னால் வைத்தேன்.

"பள்ளிக்கு என்ன செய்யப் போறீங்கண்டு எழுதித் தாங்க காக்கா," என்றேன். "வாசிச்சுப் பார்த்துச் சொல்லுறன்."